மின்கம்பி வழியே இணையம்: பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பி ஏமாந்தேன்

எங்கள் வீட்டில் மூன்று அறைகளில் மூன்று தொலைக்காட்சிகள் இருக்கின்றன. ரவுட்டர் முன்னறையில் இருப்பதாலும், இடையில் இரண்டு கனத்த சுவர்கள் நிற்பதாலும், அந்த அறைகளுக்கு வைஃபை சரியாக எட்டுவதில்லை. சுவரைத் துளைக்காமல், புதிதாக ஒரு கம்பியும் இழுக்காமல், வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற மின்கம்பியிலேயே இணையத்தை அனுப்பி மூன்று செட்டாப் பாக்ஸ்களுக்கும் பகிர்ந்து தருவதாக ஒரு விற்பனையாளர் உறுதியளித்தார். ப்ளக் பாயிண்டில் செருகி மின்கம்பி வழியே இணையத்தைக் கடத்தும் நான்கு பவர்லைன் அடாப்டர்களுக்கும் அவற்றைப் பொருத்தும் கூலிக்கும் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். அதே வாக்குறுதியை நம்பி இன்னொருவர் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தொழில்நுட்பம் பொய்யானது அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஓடும் அதே கம்பியில், 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசையில் தரவை ஏற்றி அனுப்புவதும், மறுமுனையில் அதைப் பிரித்தெடுப்பதும் 2001இல் ஹோம்பிளக் என்ற தொழில்நுட்பத் தரநிலை வெளிவந்த காலம் முதலே நடந்துவருகிறது. அப்போது அதன் உச்ச வேகம் விநாடிக்கு 14 மெகாபிட். இன்று விற்கும் பெட்டிகளின் மேல் 600, 1,200, 2,000 என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். நான் ஏமாந்தது அந்த எண்ணில்தான்.

எனக்கு விற்ற பெட்டியில் 600 மெகாபிட் என்று இருந்தது. அது இரண்டு அடாப்டர்களும் தமக்குள் மின்கம்பியில் பேசிக்கொள்ளும் அதிகபட்சக் கணக்கு. பிழைதிருத்தத்துக்கும் ஒழுங்குபடுத்தலுக்கும் அதில் பெரும்பகுதி கழிந்துபோகும். நல்ல நிலைமையிலும் பாதிக்குக் குறைவாகத்தான் பயனரின் கைக்கு வரும். இதைவிட மோசமான செய்தி, அந்த அடாப்டரில் கேபிளைச் செருகுவதற்கு இருந்த லேன் போர்ட்டே 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாதது என்பது. ஆக, 600 என்று எழுதிய அந்தப் பெட்டியிலிருந்து எந்த வீட்டிலும், எந்தக் கம்பியிலும், ஒரு தொலைக்காட்சிக்கு 100ஐத் தாண்டிக் கிடைக்க வழியே இல்லை. விற்பனையாளர் இதை அறியாதவர் அல்லர். பிறகு கேட்டபோது, "எல்லாருமே அப்படித்தானே அச்சிடுகிறார்கள்" என்று பதில் சொன்னார்.

அவர் செய்து காட்டிய விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என்னை நம்பவைத்தது அதுதான். முன்னறையில் ஒரே பலகையில் அடுத்தடுத்திருந்த இரண்டு ப்ளக் பாயிண்டுகளில் அடாப்டர்களைச் செருகினார். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. மடிக்கணினியில் 90க்கு மேல் வேகம் காட்டியது. தரவு கடந்த தூரம் ஒரு சாண்கூட இருக்காது. "இதே வேகம் எல்லா அறைக்கும் வரும்" என்றார். உள்ளறைகளில் சோதித்துக் காட்டும்படி நான் கேட்கவில்லை. வேலை முடிந்து அவர் போன பிறகு நானே அளந்தபோது, பக்கத்து அறையில் 41, அதற்கடுத்த அறையில் 14, கடைசி அறையில் வெறும் 3 மெகாபிட்தான் வந்தது. கடைசி அறையின் விளக்கு சிவப்பாக எரிவதைத் தொலைபேசியில் சொன்னேன். அது இயங்குவதற்கான அடையாளம்தான் என்றார். இணைப்பு நலிந்திருப்பதன் அடையாளம் என்று பெட்டிக்குள் இருந்த கையேட்டிலேயே எழுதியிருந்தது.

மூன்று தொலைக்காட்சிகளையும் ஒரே நேரத்தில் இயக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். மின்கம்பி எல்லா அடாப்டர்களுக்கும் பொதுவான ஒரே பாதை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். வேகம் குறைந்த அறைக்கு ஒரு காட்சியை அனுப்ப அதிக நேரம் பிடிப்பதால், அந்த ஓர் அறையே மற்ற இரண்டு அறைகளின் நேரத்தையும் தின்றுவிடுகிறது. 4கே படம் தடையின்றி ஓட 15 முதல் 25 மெகாபிட் வரை வேண்டும் என்னும்போது, மாலையில் ஓர் அறையில்கூடப் படம் நிற்காமல் ஓடவில்லை.

பிறகு எனக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டாவது உள்ளறையின் அடாப்டரை, சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தார்கள். மின்சாரத்தில் வரும் உயர் அலைவரிசைத் துடிப்புகளை வடிகட்டும் பொருள், நம் தரவையும் அதே துடிப்பாகக் கருதி வடிகட்டிவிடும். அதை நேராகச் சுவரில் செருகி, பக்கத்தில் எப்போதும் செருகியே இருந்து கம்பியில் மின் இரைச்சலைக் கிளப்பிய ஒரு மலிவான கைபேசி சார்ஜரையும் எடுத்ததும், 14 ஆக இருந்தது 33 ஆனது. இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. பொருத்துகூலி வாங்கியவர் செய்திருக்க வேண்டிய வேலை இது.

கடைசி அறைக்கு அப்படி எளிய தீர்வு இல்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு, அதாவது மின்சாரம் மூன்று தனித்தனிக் கம்பிகளில் வந்து அறைகளுக்குப் பிரிகிறது. அந்த அறை ரவுட்டர் இருக்கும் பேஸில் இல்லை. பேஸ் மாறினால் தரவு, கம்பிகளுக்கிடையே கசிகிற அளவுக்கே போய்ச் சேரும். பொருத்த வந்தவர் மெயின் போர்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் முறையிட்டதும், கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு அந்த அறைக்கு மட்டும் "இதைவிட வேகமானது" என்று வேறோர் அடாப்டரைக் கொடுத்தார்கள். அது ஜி.எச்.என் என்ற வேறு தரநிலையைச் சேர்ந்தது. எங்களிடம் ஏற்கெனவே இருந்த ஹோம்பிளக் அடாப்டர்களும் அதுவும் ஒரே கம்பியில் இருந்தாலும் ஒன்றோடொன்று பேசா. ஆகவே 3 ஆக இருந்த வேகம் சுழியானது.

இன்னொன்று என்னை உண்மையாகவே கலங்கவைத்தது. அடாப்டர்களைக் கண்காணிக்கும் மென்பொருளைத் திறந்து பார்த்தபோது, எங்களுடையது அல்லாத ஓர் அடாப்டர் பட்டியலில் இருந்தது. இவ்வகைப் பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து ஒரு பொதுக் கடவுச்சொல்லுடனே வருகின்றன. இணைப்புப் பொத்தானை இரண்டு நிமிட இடைவெளிக்குள் ஒவ்வொன்றிலும் அழுத்தினால்தான் நம் வீட்டுக்கென்று தனிக் குறியாக்கம் உருவாகும். தரவு மீட்டரைத் தாண்டியும் கசியக்கூடும் என்பதால், அடுத்த வீட்டின் அடாப்டர் எங்கள் வலையமைப்புக்குள் வந்து நின்றிருக்கிறது. பொத்தானை அழுத்தியவுடன் அது மறைந்தது. பொருத்தியவர் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை எழுத்தில் அனுப்பினேன். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்று முதல் கடிதத்துக்குப் பதில் வந்தது; பிரித்தவர் அவர்கள் அனுப்பிய ஆள்தான் என்று எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. பக்கத்து அறைகள் இரண்டுக்கும் அடாப்டர்களையே வைத்துக்கொண்டேன். கடைசி அறைக்கு, தவிர்க்க நினைத்த வேலையையே செய்தேன்: சுவரோரமாக ஒரு லேன் கேபிள் இழுத்தோம். அந்தத் தொலைக்காட்சியில் இப்போது 94 மெகாபிட் வருகிறது.