கடல் குதிரைக்குப் போடும் பி.இ. மைசிஸ்: வாங்கலாமா?

யாராவது கடல் குதிரை வளர்க்கப்போகிறேன் என்றால், தொட்டி எவ்வளவு பெரிது என்று நான் கேட்பதில்லை. பிரீசரில் இடம் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். இந்தப் பிராணிக்கு வயிறும் இல்லை, பல்லும் இல்லை. விழுங்கியது குடலில் அதிக நேரம் தங்காது. அதனால் நாளுக்கு இரண்டு தரமாவது சத்தான சாப்பாடு போட்டே ஆகவேண்டும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலை மட்டும் போட்டால் ஆசையாகத் தின்னும், தின்றபடியே மெலியும். மைசிஸ், அதாவது உறையவைத்து விற்கும் இறால் மாதிரியான சின்ன உயிர், இல்லாமல் சரிவராது.

ரொறன்ரோவில் எங்கள் வீட்டில் இருப்பது பண்ணையில் பிறந்த எரெக்டஸ் சோடி. வடக்கே நோவா ஸ்கோஷியா கரை வரைக்கும் கடலில் காணப்படும் இனம் அது. இவற்றுக்கு நான் வாங்குவது பிஸைன் எனர்ஜெடிக்ஸ் கம்பனியின் உறைந்த மைசிஸ். கடைக்காரர்கள் சுருக்கமாக பி.இ. என்பார்கள். பார்க்க அசல் கூனி இறால் மாதிரியே இருக்கும். எங்கள் மாமி ஒருநாள் பிரீசரைத் திறந்து, சொதிக்கு என்று அதைக் கையில் எடுத்தே விட்டா. அன்றிலிருந்து அது மூடி போட்ட தனி டப்பாவில் இருக்கிறது.

இந்த மைசிஸுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன் ஏரி. அங்கே இது இயற்கையாக இருந்ததில்லை. கொக்கனி என்ற சால்மன் வகைக்கு இரையாகட்டும் என்று 1966இல் கொண்டுவந்து விட்டார்கள். மைசிஸோ பகலெல்லாம் ஆழத்தில் கிடந்துவிட்டு இரவில்தான் மேலே வரும். கொக்கனி இரை தேடுவது வெளிச்சத்தில். பிறகு எங்கே சந்திப்பது? போதாக்குறைக்கு, கொக்கனி தின்கிற மிதவை உயிர்களையும் மைசிஸே தின்னத் தொடங்கியது. கடைசியில் மைசிஸைப் பிடித்து விற்க அனுமதி கொடுத்தார்கள். கொக்கனிக்கு நட்டம், எங்களுக்கு லாபம்.

சரி, பொருளுக்கு வருவோம். குளிர்ந்த ஏரியில் வளர்ந்ததால் கொழுப்பு நன்றாக உண்டு. தொட்டித் தண்ணீர் கொஞ்சத்தில் கரையவிட்டால் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும். அதை அப்படியே ஊற்றாமல், சின்ன வலையில் வடித்து அலசிவிட்டுப் போடுங்கள். நான் பார்ப்பது கண்ணை. இரண்டு கறுப்புக் கண்ணும் தலையில் ஒட்டியிருந்து, உடல் முழுதாக இருந்தால் நல்ல சரக்கு. கடல் குதிரை தூள் தின்னாது, உருவம் பார்த்துத்தான் தின்னும்.

அது தின்பதைக் கண்ணாடிக்குக் கிட்ட இருந்து பார்க்கவேண்டும். சிப்பி ஓட்டில் மைசிஸை வைத்தால் வாலால் பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டு குனியும். ஒரு கண் இரையில், மற்றது எங்கேயோ. நெடுநேரம் யோசிக்கும். பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தம், இரை இருந்த இடம் வெறுமை. பெரிய துண்டாக இருந்தால் செவுள் வழியே புகை மாதிரித் துகள் வெளியே வரும். அதனால் தண்ணீர் சீக்கிரம் கெடும். மிச்சத்தை அரை மணிக்குள் உறிஞ்சி எடுத்துவிடுவது நல்லது.

இது வளர்ந்த கடல் குதிரைக்கான அளவு. இளசுகளின் மூக்குக்குள் போகாது. அவற்றுக்கு ஹிகாரி என்ற இன்னொரு கம்பனியின் மைசிஸ் தோதாக இருக்கும், அது பொதுவாகச் சிறியது. விலையைப் பார்த்து இரண்டுக்கும் நடுவே அலைவதில் அர்த்தமில்லை, மூக்கைப் பார்த்து வாங்குங்கள்.

என்ன வாங்குகிறோம் என்பதைவிட எங்கே வாங்குகிறோம் என்பதுதான் எனக்குத் தலையிடி. நகரத்தில் ஒரு கடையில் வாங்கிய பக்கற் ஒரு பக்கமாகச் சரிந்து உறைந்திருந்தது. உள்ளே பனித்தூள், கண்ணில்லாத முண்டங்கள். ஒருதரம் உருகி மறுபடி உறைந்த சரக்கு என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், “நீங்கள் காரில் கொண்டுபோகும்போது உருகியிருக்கும்” என்றார்கள். வெளியே மைனஸ் பத்து! இப்போது கடையிலேயே பக்கற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறேன். கட்டிகளாக வருவதைவிடத் தட்டைப் பக்கற்றில் இப்படிப் பார்ப்பது சுலபம், வேண்டிய அளவு முறித்தும் எடுக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து அடிக்கடி ஒரு கேள்வி வரும்: “அண்ணா, இங்கே கடல் குதிரை எங்கே கிடைக்கும்?” வாங்காதீர்கள். இந்தியாவில் 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. தவிர, கடலில் பிடித்தது உறைந்த இரையை எளிதில் தொடாது, பட்டினி கிடந்து சாகும். மைசிஸ் கிடைத்தால் கோமாளி மீனுக்குப் போடுங்கள், அதுவும் விரும்பித்தான் தின்னும்.