மோரோவிண்ட்: வந்தவரைக் கண்டுகொள்ளாத தீவு

தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி விளையாட்டு வரிசையின் முதன்மை விளையாட்டுகளில் அதிகம் விற்றது 2011இல் வந்த ஸ்கைரிம். பரந்த நிலப்பரப்புக்குப் பெயர்போனது 1996இல் வந்த டாகர்ஃபால். 2002 மே மாதம் பெதஸ்டா நிறுவனம் கணினிக்கு வெளியிட்ட மோரோவிண்டுக்கு இந்த இரண்டு பெருமையும் கிடையாது; அதன் சண்டை முறை அன்றைக்கே கரடுமுரடாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பாத்திரமாக மாறி ஆடும் ஆர்பிஜி விளையாட்டுகளில் ஆர்வமுள்ள ஒருவர் இந்த வரிசையிலிருந்து ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் என் பதில் மோரோவிண்டாகவே இருக்கும். பின்னால் வந்த ஒப்ளிவியனிலும் ஸ்கைரிமிலும் உலகமே ஆட்டக்காரரின் வருகைக்காகக் காத்திருக்கிறது. மோரோவிண்டின் தீவுக்கோ அவர் வந்து இறங்கியது ஒரு பொருட்டே இல்லை. அவர்தான் அந்த மண்ணைக் கற்றுக்கொள்ள வேண்டும், மண் அவருக்காக வளைந்துகொடுக்காது.

கதை நடக்கும் இடம் வார்டன்ஃபெல் என்னும் எரிமலைத் தீவு. பேரரசரின் ஆணையால் விடுவிக்கப்பட்ட கைதியாக, செய்டா நீன் என்ற சிறு துறைமுக ஊரில் நாம் இறங்குகிறோம். மரங்களைவிட உயர்ந்த காளான்கள், சாம்பல் புயல்கள், ராட்சதப் பூச்சியின் ஓட்டைக் குடைந்து இருக்கையாக்கிய பயணிகள் வாகனம், நண்டின் ஓடு போன்ற கட்டடங்கள் என்று, வழக்கமான கற்பனை விளையாட்டுகளின் கோட்டை, காடு, குதிரைவீரன் ஆகிய மூன்றையும் ஓரங்கட்டிவிட்டு இந்த நிலம் விரிகிறது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய கென் ரோல்ஸ்டனும், எழுத்திலும் ஓவியத்திலும் பெரும்பங்கு வகித்த மைக்கேல் கிர்க்பிரைடும், திட்டத் தலைவர் டாட் ஹோவர்டும் இத்தனை துணிந்ததற்கு அன்றைய சூழலும் ஒரு காரணமாக இருக்கலாம். 1997இலும் 1998இலும் வந்த இரண்டு கிளை விளையாட்டுகள் சரியாக விற்காமல் நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்த நேரம் அது. இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லாதவர்களின் துணிச்சல் இந்தத் தீவின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. 2006இல் ஒப்ளிவியன் வந்தபோது நிறுவனம் பசும்புல்வெளிக்கும் கற்கோட்டைக்கும் திரும்பிவிட்டது.

தீவின் பூர்விகக் குடிகளான டன்மர்கள் நம்மை அயலான் என்றே அழைக்கிறார்கள், அதுவும் மரியாதைக்காக அல்ல. பால்மோரா நகரில் காயஸ் கொசாடிஸ் என்பவரிடம் ஒரு பொட்டலத்தைச் சேர்க்க வேண்டும் என்பது நமக்குக் கிடைக்கும் முதல் கட்டளை. பேரரசின் ஒற்றர் தலைவரான அந்த மனிதர் ஒற்றை அறை வீட்டில் மேல்சட்டையின்றி, போதைக்கு அடிமையான கிழவராக வாழ்கிறார். முதல் பணியை உடனே கொடுக்காமல், இருநூறு பொற்காசுகளைக் கையில் திணித்து, ஏதாவதொரு சங்கத்தில் சேர்ந்து பிழைப்பைக் கற்றுக்கொண்டு பிறகு வா என்று அனுப்பிவைக்கிறார். உலகைக் காக்கப் பிறந்தவன் என்று முதல் அரை மணி நேரத்தில் முடிசூட்டப்படும் விளையாட்டுகளுக்குப் பழகியவருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். எனக்கு இந்த வரிசையிலேயே மிகவும் நேர்மையான தொடக்கம் இதுதான்.

வழி தேடும் முறையில் இந்தக் கறார்த்தனம் இன்னும் கூர்மையாகிறது. செல்ல வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி எதுவும் திரையில் கிடையாது. மனிதர்கள் வாயால் சொல்லும் வழி குறிப்பேட்டில் பதிவாகும், அதைப் படித்துத்தான் நடக்க வேண்டும். முதன்மைக் கதையின் தொடக்கப் பணிகளில் ஒன்று, டுவெமர் என்ற மறைந்துபோன இனம் விட்டுச்சென்ற ஒரு சிறு பெட்டியை எடுத்து வருவது. பால்மோராவிலிருந்து மூன்மாத் கோட்டையை அடைந்து, அங்கிருந்து கிழக்கே சென்று, எரிமலைக் குழம்பு ஓடி வறண்ட பள்ளத்தாக்கின் மேலுள்ள பழைய பாலத்தைக் கடந்து, பாழடைந்த கட்டடத்தைக் கண்டுபிடித்து, அருகிலுள்ள குழாயின் திருகைச் சுழற்றி வாயிலைத் திறந்து உள்ளே போக வேண்டும். போனாலும் பெட்டி கண்ணில் பட்டுவிடாது. கையளவேயான அது ஒரு அலமாரியில் மற்ற தட்டுமுட்டுச் சாமான்களோடு கிடக்கும். இதில் எரிச்சலடைந்து விளையாட்டையே விட்டவர்கள் உண்டு. ஆனால் இந்த ஒரு பணியை முடித்தவருக்குப் பால்மோராவின் சுற்றுப்புறம் மனப்பாடமாகிவிடுகிறது. ஸ்கைரிமில் நூறு குகைகளை அம்புக்குறியின் பின்னால் ஓடி முடித்த பிறகும், அவற்றில் பத்துக்குக்கூட வழி சொல்ல முடியாது.

பயணத்திலும் இதே தர்க்கம்தான். நினைத்த இடத்துக்கு வரைபடத்தைத் தொட்டுத் தாவும் வசதி இல்லை. அதற்கு ஈடாகப் பூச்சி வாகனங்களும், படகுகளும், மந்திரவாதிகள் சங்கக் கிளைகளுக்கிடையே ஆளை அனுப்பும் வழிகாட்டிகளும், அருகிலுள்ள கோயிலுக்கு நம்மைக் கொண்டுசேர்க்கும் மந்திரங்களும் இருக்கின்றன. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எது போகும், எங்கே இறங்கி மாற வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கும்போது நாம் அந்தத் தீவின் ஆளாகிவிடுகிறோம். மிதக்கும் மந்திரம் இதன் உச்சம். டெல்வானி குலத்து மந்திரவாதிகள் காளானை வளர்த்துக் கோபுரமாக்கி, உச்சிக்குப் படிக்கட்டே வைக்காமல் வாழ்கிறார்கள், ஏனென்றால் மிதக்கத் தெரியாதவரைச் சந்திக்க அவர்களுக்கு விருப்பமில்லை. கட்டடக் கலையையே ஒரு குலத்தின் திமிரைச் சொல்லும் சாதனமாக்கிய இப்படியொரு யோசனை இந்த வரிசையில் பிறகு வரவேயில்லை. வந்திருக்கவும் முடியாது, ஒப்ளிவியனில் பெருநகரங்கள் சுவருக்குள் தனி வரைபடங்களாகிவிட்டதால், சுவரைத் தாண்டிப் பறக்கவிடும் மந்திரத்தையே நீக்க வேண்டியதாயிற்று.

இனி நான் எழுதப்போவது கதையின் முடிச்சுகளைத் தொடும். புதிதாக விளையாட இருப்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

நெரெவார் என்ற பழங்காலத் தலைவன் மறுபிறவி எடுத்து வருவான் என்பது டன்மர்களிடையே வழங்கும் ஆரூடம். பேரரசு அதை நம்பித்தான் நம்மை அனுப்பியதா, அல்லது ஆரூடத்தின் நிபந்தனைகளுக்குப் பொருந்தும் ஒரு கைதியைத் தேர்ந்தெடுத்து, ஆள் பிடித்து அனுப்பியதா என்பதை விளையாட்டு கடைசிவரை உடைத்துச் சொல்வதில்லை. நெரெவார் எப்படி இறந்தான் என்பதற்கும் ஒரே விடை இல்லை. போரில் பட்ட காயத்தால் இறந்தான் என்கிறது கோயில். இன்று தெய்வங்களாக வணங்கப்படும் விவெக், அல்மலெக்சியா, சோதா சில் ஆகிய மூவரும் சேர்ந்து அவனைக் கொன்றார்கள் என்கின்றன சாம்பல் நிலத்து நாடோடிகள் வழிவழியாகக் காத்துவரும் கதைகள். விவெக் தன் பங்குக்கு வேறொரு விவரம் எழுதிவைத்திருக்கிறான். இவையெல்லாம் விளையாட்டுக்குள் உள்ள சிறு நூல்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றை ஒன்று மறுக்கும் அந்தப் பிரதிகளை ஒப்பிட்டு யாரை நம்புவது என்று முடிவு செய்வது முழுக்க நம் பொறுப்பு. அதிகாரத்தில் இருப்பவர்களின் வரலாறும் விரட்டப்பட்டவர்களின் நினைவும் மோதும்போது என்ன நடக்கும் என்பதை இவ்வளவு நிதானமாகக் கையாண்ட வேறு பெரும் வணிக விளையாட்டை எனக்குத் தெரியாது.

நமக்கு முன்பே தன்னை நெரெவார் என்று நம்பி வந்து தோற்றவர்களின் ஆவிகள் ஒரு குகையில் காத்திருக்கின்றன. அவர்களும் நம்மைப் போலத்தான் அடையாளங்களைப் பொருத்திப் பார்த்தவர்கள். இறுதியில் எரிமலையின் அடியில் எதிரியான டாகோத் ஊர் என்பவனைச் சந்திக்கும்போது, நீ உண்மையிலேயே நெரெவாரின் மறுபிறவியா என்று அவனே கேட்கிறான். ஆம் என்றும் சொல்லலாம், எனக்கே தெரியாது என்றும் சொல்லலாம், நானாக உருவாக்கிக்கொண்ட வீரன் நான் என்றும் சொல்லலாம். எந்த விடையைச் சொன்னாலும் சண்டையில் ஒன்றும் மாறாது. அத்தனை மணி நேரம் விளையாடியவருக்கு அந்தக் கேள்விக்குத் தனக்கென்று ஒரு விடை இருக்கும் என்ற நம்பிக்கைதான் அந்தக் காட்சியின் வலிமை.

ஆட்டக்காரரை முதிர்ச்சியுள்ளவராக நடத்தும் இந்தப் போக்கு விதிமுறைகளிலும் உண்டு. கதைக்கு இன்றியமையாத மனிதரைக்கூட நாம் கொன்றுவிடலாம். விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேமிப்புக்குத் திரும்பலாம் அல்லது நீ கெடுத்த உலகிலேயே தொடரலாம் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு மட்டும் வரும். அடுத்தடுத்த விளையாட்டுகளில் அத்தகையோர் மயங்கி விழுந்து எழுந்துகொள்கிறார்கள். சங்கங்களில் பதவி உயர வேண்டுமானால் அதற்குரிய திறன்கள் உண்மையிலேயே நம்மிடம் இருக்க வேண்டும். ஸ்கைரிமில் மந்திரம் அரைகுறையாகத் தெரிந்தவரும் மந்திரக் கல்லூரியின் தலைவராகிவிடலாம். ஹ்லாலு, ரெடோரன், டெல்வானி ஆகிய குலங்களில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டின் கதவும் அடைபடும். பால்மோராவின் போர்வீரர் சங்கத்தில் சேர்ந்த சில நாட்களிலேயே திருடர் சங்கத்து ஆளிடமிருந்து ஒரு சங்கேதக் குறிப்பேட்டைப் பறித்து வரச் சொல்வார்கள். இரண்டு சங்கங்களிலும் உறுப்பினராக இருப்பவர் அப்போதுதான் தன் சங்கடத்தை உணர்வார். திறன்களின் எண்ணிக்கையே மோரோவிண்டில் 27, ஒப்ளிவியனில் 21, ஸ்கைரிமில் 18 என்று தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. எண்ணிக்கை குறைந்ததால் மட்டுமே ஒரு விளையாட்டு தாழ்ந்துவிடாது என்பது உண்மைதான், ஆனால் ஈட்டியால் குத்தியும் வெறுங்கையால் அடித்தும் பிழைக்கும் விசித்திரப் பாத்திரங்களுக்கு அந்தத் தேய்மானத்தில் இடமில்லாமல் போயிற்று.

இவ்வளவு விரிவு சாத்தியமானதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. உரையாடல்களில் பெரும்பகுதி எழுத்தில் இருக்கிறது. குரல் கொடுத்திருப்பது வாழ்த்து, வசவு போன்ற சில வரிகளுக்கும் முக்கியமான சில காட்சிகளுக்கும் மட்டுமே. ஒப்ளிவியனிலிருந்து எல்லா வரிகளுக்கும் நடிகர்கள் குரல் கொடுத்தாக வேண்டும் என்றானதும் ஒவ்வொருவரும் பேசும் அளவு சுருங்கியது. மறுபக்கம், எழுத்தில் இருப்பதாலேயே எல்லாம் உயிரோட்டமாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊரைப் பற்றிக் கேட்டால் மீனவரும் காவலரும் ஒரே பத்தியை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்கள்.

குறைகள் அதோடு முடியவில்லை. வாள் எதிரியின் உடலில் படுவது கண்ணுக்குத் தெரிந்தாலும், பாத்திரத்தின் திறன், களைப்பு ஆகியவற்றை வைத்து உள்ளே பகடை உருட்டப்பட்டு, அடி தவறியதாகக் கணக்கிடப்படும். ஓடினால் களைப்பு ஏறும் என்பதை அறியாத புதியவர் எதிரியை நோக்கி மூச்சிரைக்க ஓடி, ஓர் எலியைக்கூட அடிக்க முடியாமல் திணறுவார். நடை ஆமை வேகம். கிளிஃப் ரேசர் என்ற பறக்கும் பிராணி திறந்த வெளியெங்கும் பின்தொடர்ந்து தரும் தொல்லையைப் பற்றி இந்த விளையாட்டின் ரசிகர்களிடம் பேச்சை ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. அறிவைக் கூட்டும் மருந்தைக் குடித்து அதைவிட வீரியமான மருந்தைக் காய்ச்சிக்கொண்டே போனால் கட்டுக்கடங்காத சக்தியைப் பெறலாம் என்பது சமநிலையின் ஓட்டை என்றாலும், அதை நான் குறையாக எண்ண மாட்டேன்.

இசையைப் பற்றி ஒரு வரி. ஜெரமி சோல் அமைத்த முகப்பு இசையின் மெட்டு அடுத்த இரண்டு விளையாட்டுகளின் முகப்பிசையிலும் உருமாறித் தொடர்கிறது. பெருமுழக்கம் குறைந்த மோரோவிண்டின் வடிவமே எனக்கு நெருக்கமானது.

இன்று வாங்குபவர்கள் ஸ்டீம், ஜிஓஜி ஆகிய இணையக் கடைகளில் ட்ரைப்யூனல், பிளட்மூன் ஆகிய இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த பதிப்பைப் பெறலாம். தள்ளுபடிக் காலங்களில் விலை வெகுவாகக் குறையும், சாதாரண மடிக்கணினியே போதும். வாங்கிய கோப்புகளை வைத்து ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச மென்பொருளின் வழியாக விளையாடுவதே சிறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது இயங்கும், நவீனத் திரைகளுக்கும் பொருந்தும். முதல் பாத்திரத்துக்கு நீள்வாளோ கோடரியோ முதன்மைத் திறனாகவும், அதில் இயல்பாகவே தேர்ந்த இனமும் இருக்கட்டும். சண்டைக்கு முன் நின்று இளைப்பாறுங்கள். ட்ரைப்யூனல் சேர்ந்திருந்தால், முதல் லெவலிலேயே நீங்கள் உறங்கும்போது கொலையாளிகள் வந்து தாக்குவார்கள், அவர்களைச் சமாளித்துவிட்டால் அவர்களுடைய விலை உயர்ந்த கவசத்தை விற்றுத் தொடக்கத்திலேயே செல்வந்தராகிவிடுவீர்கள். காயஸ் தந்த இருநூறு காசுகளின் அருமையைக் கெடுக்கும் இந்தக் குளறுபடியை, பிந்தைய லெவல்களுக்குத் தள்ளிவைக்கும், ரசிகர்கள் உருவாக்கிய சிறு மாற்றக் கோப்பு (மோட்) ஒன்றை நிறுவிய பிறகே விளையாடத் தொடங்குங்கள்.