நான்கே டியூப்பில் அப்பாவின் முகம்

பன்னிரண்டு நிறப் பெட்டியை வைத்துக்கொண்டு அப்பாவை ஆயிலில் வரைய இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் தோல் நிறம் சேறாகிவிட்டது. இந்த முறை யெல்லோ ஓக்கர், காட்மியம் ரெட் லைட், ஐவரி பிளாக், டைட்டானியம் ஒயிட் என்று நான்கு டியூப் மட்டும் வாங்கினேன். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரில் வழங்கும் பேலட், அதாவது நிறத் தொகுப்பு, இது. 1896இல் தன்னையே வரைந்த படத்தில் அவர் கையில் இருப்பதும் நான்கு நிறம்தான், ஆனால் சிவப்புக்கு வெர்மிலியன், வெள்ளைக்கு ஈய வெள்ளை.

நீலம் இல்லாமல் முகமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஐவரி பிளாக்கில் கொஞ்சம் வெள்ளை கலந்து அப்பாவின் மூன்று நாள் நரைத்தாடியில் வைத்துப் பார்த்தேன். நிறம் கலக்கும் பலகையில் வெறும் சாம்பலாக இருந்தது, செம்பழுப்புக் கன்னத்துக்குப் பக்கத்தில் போனதும் நீலமாகத் தெரிந்தது! அதே கருப்பில் ஓக்கரைச் சேர்த்தால் ஒரு மங்கிய பச்சை வரும், தாடைக்குக் கீழே விழும் நிழலுக்கு அவ்வளவு பொருத்தம்.

நம் மாநிறத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளையில் ஆரம்பிக்காதீர்கள், முகம் பவுடர் பூசிய மாதிரி ஆகிவிடும். ஓக்கர், சிவப்பு, துளி கருப்பு, இதில்தான் தோல் இருக்கிறது. வெள்ளையை நெற்றி மேட்டுக்கும் மூக்கு நுனிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணின் வெள்ளைக்குக்கூட சாம்பல்தான் சரி.

குறை என்றால், ஐவரி பிளாக் மெதுவாகக் காய்கிறது, ஒரு வாரம் கழித்தும் தலைமுடிப் பகுதி விரலில் ஒட்டியது. அப்புறம் சிவப்பு. ஆன்லைன் கடை ஒன்று முதலில் அனுப்பியது 'காட்மியம் ரெட் ஹியூ', அதாவது காட்மியமே இல்லாத மாற்றுச் சாயம். அதை வெள்ளையோடு கலந்தால் ரோஸ் பக்கம் சாய்ந்தது, உதட்டை மூன்று தடவை சுரண்டி எடுத்தேன். டியூப்பின் பின்னால் பி.ஆர். 108 (அசல் காட்மியம் சிவப்பின் நிறமிக் குறியீடு) என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள், அசல் விலை கூடத்தான், ஆனால் கொஞ்சமாகத்தான் செலவாகும். வெள்ளை மட்டும் பெரிய டியூப்பாக வாங்கிவிடுங்கள்.

அப்பாவுக்குப் பழுப்புச் சட்டை என்பதால் நான்கு நிறமும் போதுமாக இருந்தது. அடுத்தது அம்மா. மயில்கழுத்துப் புடவை கட்டிக்கொண்டுதான் உட்காருவாராம், அதற்கு நீலம் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.