தொலைந்த பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் நகல்: தமிழ்நாட்டில் இரண்டு சேவைகளும் எப்படி?

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் பிறப்புச் சான்றிதழைத் தேடி அலைய வேண்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. 2023 அக்டோபர் 1 அன்றும் அதன் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் பிறந்த தேதிக்கு அது ஒன்றே சான்று. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம் என்று பலவும் செல்லும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகவே மதிப்பிட வேண்டும். பாஸ்போர்ட் சேவை ஒழுங்கானது. விதியைப் படித்துவிட்டுப் போகிறவரைக் கைவிடாது. பிறப்புச் சான்றிதழ் அப்படியல்ல. சமீபத்தில் பிறந்தவர்களுக்கு அது நொடி வேலை, பழைய பதிவென்றால் பதிவேடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்கலாம். முதலில் வேண்டியது போலீஸ் அறிக்கை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கு அறிக்கை பெறும் வசதி இருக்கிறது. விவரங்களை நிரப்பினால் எண்ணோடு ஓர் அறிக்கை கிடைக்கும், காசு கிடையாது. ஆனால் அது தவறவிட்டவர்களுக்கு மட்டுமே. பையோடு திருடு போயிருந்தால் ஸ்டேஷனில் எழுத்து மூலம் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதோ (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை), எஃப்.ஐ.ஆர். நகலோ வாங்க வேண்டும். திருட்டைத் 'தொலைந்தது' என்று பதிவு செய்துவிட்டு, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'திருட்டு' என்று எழுதினால் அதிகாரி அங்கேயே நிறுத்திவிடுவார்.

புகாரில் பழைய பாஸ்போர்ட் எண் பிழையில்லாமல் இருக்க வேண்டும். நகல் இல்லையே என்று கலங்க வேண்டாம். விசா நகல், டிராவல் ஏஜென்ட்டுக்கு அனுப்பிய மின்னஞ்சல், பழைய வேலைக்கான ஆவணங்கள், வங்கிக்குக் கொடுத்த கேஒய்சி, இவற்றில் ஏதாவது ஒன்றில் எண் இருக்கும்.

பிறகு பாஸ்போர்ட் சேவா தளத்தில் 'ரீ-இஷ்யூ' (மறுபடி வழங்குதல்) பிரிவில், தொலைந்தது என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். 'ஃப்ரெஷ்' என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. புத்தகம் கையில் இல்லாததால் புதிது என்று நினைத்துவிடுகிறார்கள். முன்பு ஒருமுறை பாஸ்போர்ட் பெற்றவர் எவரும் ரீ-இஷ்யூதான். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 3,000 ரூபாய், 60 பக்கத்துக்கு 3,500. 36 பக்கப் புத்தகத்துக்கு இது வழக்கமான புதுப்பித்தலைப்போல் இரண்டு மடங்கு, வலிக்கத்தான் செய்யும். 'பாஸ்போர்ட்' என்ற பெயரோடு தேடலில் வந்து கூடுதலாகப் பணம் கேட்கும் தனியார் தளங்களில் சிக்காதீர்கள். இணைய முகவரி 'gov.in' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கு (பாஸ்போர்ட் சேவை மையம்) கொண்டு போக வேண்டியவை: போலீஸ் அறிக்கையின் அசல், அனெக்சர் எஃப் என்ற உறுதிமொழி, தற்போதைய முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று. பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல் இருந்தால் வேலை சுலபம். அனெக்சர் எஃப்பை முத்திரைத்தாளில் அடிக்க வேண்டும், நோட்டரி கையெழுத்து வேண்டும் என்று கடைக்காரர்கள் இன்னமும் சொல்வார்கள். வெள்ளைத்தாளில் எழுதி நீங்களே கையெழுத்திட்டால் போதும். எப்போது, எங்கே, எப்படித் தொலைந்தது என்று அதில் எழுதுவதும் போலீஸ் அறிக்கையில் இருப்பதும் வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும். தேதி ஒன்றில் செவ்வாய்க்கும் இன்னொன்றில் வியாழனுக்கும் போனால் கேள்வி வரும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை எப்படியும் எடுத்துப் போங்கள். ஈ.சி.ஆர். முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை என்ற குறிப்பு) விழாமல் இருக்க அது உதவும். பழைய பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை என்று காட்ட இப்போது புத்தகமே கையில் இல்லையே.

கேந்திராவில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்ட்டர்கள். ஏ-யில் புகைப்படம், கைரேகை, ஆவண ஸ்கேன்; பி-யில் சரிபார்ப்பு; சி-யில் முடிவு. வெளியே போட்டோ எடுத்துக்கொண்டு போவது வீண் செலவு. ஏ கவுன்ட்டரில் திரையில் காட்டும் பெயர், அப்பா பெயர், ஊர் ஆகியவற்றை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழையைத் திருத்த அதுதான் நல்ல இடம். தமிழ்நாட்டில் வழக்கமான சிக்கல் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அதை விரித்துத்தான் எழுத வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் எப்படி விரிந்திருந்ததோ அப்படியே இப்போதும் எழுதுங்கள்.

அடுத்தது போலீஸ் வெரிபிகேஷன். சென்னையில் வேலை, சொந்த ஊர் தேனி என்றால் நீங்கள் உண்மையில் குடியிருக்கும் சென்னை முகவரியைக் கொடுங்கள். ஊர் முகவரி கொடுத்துவிட்டு அங்கே இல்லாமல் போனால் 'இங்கே வசிக்கவில்லை' என்று அறிக்கை போகும், பிறகு மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்திடமிருந்து விளக்கம் கேட்டு கடிதம் வரும். இந்தச் சரிபார்ப்புக்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. புத்தகம் ஸ்பீட் போஸ்ட்டில் வரும்போதும் வீடு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும்.

இனி பிறப்புச் சான்றிதழ். 2018 ஜனவரி முதல் பதிவான பிறப்புகளை மாநிலத்தின் இணையப் பதிவில் தேடி, கியூஆர் குறியோடு வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். சென்னை மாநகராட்சிக்குத் தனித் தளம் உண்டு, அதிலும் இலவசம். இந்த அளவுக்கு எளிமையாக அரசு செய்து கொடுத்த சேவைகள் குறைவு.

பழைய பதிவுகளுக்கு ஒரே விதியை மனதில் வையுங்கள்: பிறந்த இடத்தில்தான் பதிவு, பெற்றோர் குடியிருந்த இடத்தில் அல்ல. நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். அப்பா ஊரான கும்பகோணத்தில் தேடித் தேடிக் கிடைக்காத பதிவு, அம்மா ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி இருக்கும் நகராட்சியில் பத்திரமாக இருக்கும். முதலில் ஆஸ்பத்திரியின் பெயரைப் பெரியவர்களிடம் கேளுங்கள். மாநகராட்சி, நகராட்சி என்றால் அதன் சுகாதாரப் பிரிவு. கிராம ஊராட்சியில் பதிவு செய்வது விஏஓ, ஆனால் பழைய ஆண்டுப் பதிவேடுகள் அவரிடம் இருக்காது. தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ கேட்க வேண்டும். அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் போல 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளுக்கு அந்தந்த மண்டல அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. தேடும் ஆண்டுகள் கூடினால் தேடல் கட்டணமும் கூடும். ஆகவே பிறந்த ஆண்டு, பெற்றோர் பெயர், ஆணா பெண்ணா என்ற விவரங்களை உறுதி செய்துகொண்டு போங்கள்.

கிடைத்த சான்றிதழில் பெயர் இருக்கும் கட்டம் காலியாக இருப்பது மிகச் சாதாரணம். பெயர் வைக்கும் முன்பே ஆஸ்பத்திரி பதிவை அனுப்பிவிடும், பெற்றோர் பிறகு போய்ப் பெயர் சேர்க்க மறந்துவிடுவார்கள். பிறப்பு பதிவாகி 12 மாதம் வரை இலவசமாகவும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம். பெயரில்லாத சான்றிதழை வெளிநாட்டு விசா அலுவலகம் பெரும்பாலும் ஏற்காது. ஒருமுறை பதிந்த பெயரைப் பதிவாளர் மாற்றித் தர மாட்டார், எழுத்துப்பிழை போன்றவற்றைத்தான் திருத்துவார். அதனால் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் எழுத்துக்கூட்டலையே கொடுங்கள்.

பதிவே இல்லை என்றால் 'பதிவு இல்லை' என்ற சான்றை முதலில் வாங்க வேண்டும். அதன்பின் ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய வருவாய் கோட்டாட்சியரின் உத்தரவு தேவை. விஏஓ விசாரணை, சாட்சிகள் என்று நீளும். அவசரத்துக்கு ஆகாத வழி.

இரண்டு சேவைகளும் மோதும் இடம் ஒன்று உண்டு. புதிதாக எடுத்த பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதி, தொலைந்த பாஸ்போர்ட்டில் இருந்த தேதியோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிச் சொன்ன காலத்தின் விளைவு இது. பாஸ்போர்ட்டில் இருந்த தேதிதான் தவறு என்றால் விண்ணப்பத்திலேயே திருத்தத்தையும் கேளுங்கள். அதற்கான விசாரணைக்குக் காலம் எடுக்கும் என்பதால் டிக்கெட்டை அதற்குப் பிறகு போடுங்கள்.