பதக்க ஆராய்ச்சி என்று சொல்லி 18,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், உஷார்

"உங்கள் வீட்டுப் பழைய பட்டாளத்துப் பதக்கம் யாருடையது என்று கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று விளம்பரம் போடும் ஒரு ஆன்லைன் பூர்வீக ஆராய்ச்சிச் சேவையிடம் 18,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம். நேற்று ராத்திரி என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். இன்னொரு குடும்பம் மாட்டக் கூடாது என்றுதான் இதை உடனே எழுதுகிறேன். கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறேன்.

குத்தாலம் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டு மரப்பெட்டியில் ஒரு வெள்ளிப் பதக்கம் ரொம்ப காலமாக இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள், 1914, 1918 என்று வருஷங்கள். விளிம்பில் ஒரு எண், சாப்பர் (பட்டாளத்துப் பொறியியல் பிரிவுச் சிப்பாய்) என்பதன் சுருக்கம், ஒரே ஒரு பெயர், படைப்பிரிவின் எழுத்துகள். தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. அந்தப் பெயரில் அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேர் இருந்திருப்பார்கள்.

அத்தையின் தாத்தாவுக்கு ஒரு தம்பி, அவர் பட்டாளத்துக்குப் போனவர் என்பது அத்தை கேட்டு வளர்ந்த கதை. பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தத் தம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர், பதக்கம் யாரோ நெல்லுக்கு அடகு வைத்துவிட்டு மீட்காமல் போனது என்பார். அப்படியானால் அது இன்னொரு குடும்பத்துச் சொத்து. அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. "நம்மளுதுன்னா சாமி மாடத்துல வைப்போம். இல்லேன்னா உரியவங்க கையில கொடுத்துடணும்." அவர் கேட்டது அவ்வளவுதான்.

வீடியோ காலில் வந்த ஆள் அவ்வளவு பதமாகப் பேசினார். பதக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளிம்பை மெதுவாகச் சுற்றிக் காட்டச் சொன்னார். 'எஸ் அண்ட் எம்' என்ற எழுத்து வந்ததும், "சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்மா! பாலம் கட்டுறது, பதுங்குகுழி வெட்டுறது, வெடி வைக்கிறது எல்லாம் இவங்கதான். பெங்களூருதான் தலைமை இடம்" என்றார். அது உண்மை. மதராஸ் சாப்பர்களின் மையம் இன்றைக்கும் பெங்களூரில்தான் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் என்று நாங்கள் நம்பியது அந்த இடத்தில். அப்புறம், "எங்கம்மாவுக்கும் கும்பகோணம்தான் அத்தை, உங்க வீட்டு ஆளை நான் கண்டுபிடிச்சுத் தரேன்" என்றார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "பணத்தைப் போட்டு விடுடா" என்றார்.

முன்பணம் 6,500. லண்டனில் கோப்பு எடுக்க இன்னும் 12,000. ஆக 18,500, எல்லாம் அத்தையின் குறுவை நெல் போட்ட பணம். பதக்கத்தையும் 'சோதனைக்கு' கூரியரில் அனுப்பச் சொன்னார்கள்.

திரும்பி வந்த பதக்கத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. கருத்திருந்த வெள்ளி பளபளவென்று வந்திருக்கிறது. பாலிஷ் சக்கரத்தில் கொடுத்திருக்கிறார்கள். விளிம்பில் எண்ணின் கடைசி இலக்கம் மூன்றா, எட்டா என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் இப்போது தெரியாது. ஆளைத் தேட எங்களிடம் இருந்த ஒரே துப்பு அந்த எண். அனுப்புவதற்கு முன் எடுத்த போட்டோவில் மட்டும் அது மிச்சம் இருக்கிறது.

கூடவே தங்க நிற பார்டர் போட்ட ரிப்போர்ட். சோழர் படைத் தளபதி வம்சமாம். வீரதீரத்துக்காக மன்னர் கொடுத்த விருதாம். உண்மையில் இந்தப் பதக்கம் போர்ப் பணியில் இருந்த எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தது, அறுபது லட்சத்துக்கு மேல் அடித்திருக்கிறார்கள்! ரிப்போர்ட்டில் இன்னும், 1916ல் மெசப்பொட்டேமியாவில் (இன்றைய இராக்) கூட் என்ற ஊரின் முற்றுகையில் இறந்தார் என்று ஒரு தேதி, லாகூர் பதிவேட்டில் ஒரு பக்க எண், அங்கே இறந்தவர்களுக்கான பாஸ்ரா நினைவிடக் கல்லில் அவர் பெயர் வெட்டியிருப்பதாக ஒரு படம்.

அந்தத் தேதிக்குத் திதி பார்த்து, பெரியப்பா காவிரிக் கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தார். யாருக்கு விட்டார்?

திருச்சியில் வரலாறு படிக்கும் மாமா பெண் ஒரே ராத்திரியில் ரிப்போர்ட்டின் வண்டவாளத்தை எடுத்துவிட்டாள். லாகூர் பதிவேடுகள் பஞ்சாப் மாகாணத்து ஆட்களுக்கானவை. லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த சுமார் 3,20,000 பேரின் அந்த விவரங்களை 2021ல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். தஞ்சாவூர் ஜில்லா ஆளுக்கு அதில் என்ன வேலை? பாஸ்ரா நினைவிடத்தில் இந்தியச் சாதாரணச் சிப்பாய்களின் பெயரைப் பொறிக்கவே இல்லை. படைப்பிரிவுக்குக் கீழே இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கைதான். படமே போலி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில், போரில் இறந்தவர்களைப் பெயரும் எண்ணும் போட்டு இலவசமாகத் தேடலாம். போட்டோவில் இருக்கும் எண்ணுக்கு அதில் ஆள் இல்லை. அவர் உயிரோடு ஊர் திரும்பிய மனுஷராகவே இருக்கலாம், அவரைத்தான் இவர்கள் கூட் முற்றுகையில் சாகடித்துவிட்டார்கள்.

கேட்டால், முதலில் "டீம் செக் பண்றாங்க சார்". அடுத்து "மீட்டிங்ல இருக்கேன்". அப்புறம் ஒரு பெண் குரல், "இது ஆராய்ச்சிக் கட்டணம், ரிசல்ட்டுக்கு நாங்க கேரண்டி கொடுக்கலையே". பாலிஷ் பற்றிக் கேட்டதற்கு, "சர்வீஸா ஃப்ரீயா பண்ணிக் கொடுத்திருக்கோம்" என்றார்கள். கும்பகோணத்துக்காரரிடம், 18,500 வேண்டாம், அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்று அத்தை குரலிலேயே மெசேஜ் அனுப்பினோம். இரண்டு நீல டிக் விழுந்தது. அதோடு பிளாக்.

சரி, செய்ய வேண்டியது. பதக்கத்தைக் கையை விட்டு அனுப்பாதீர்கள், விளிம்பை முழுக்கப் போட்டோ எடுத்து வையுங்கள். துடைக்காதீர்கள், புளி போட்டும் தேய்க்காதீர்கள். பழைய இந்திய ராணுவச் சிப்பாய்களின் சேவைப் பதிவுகள் பெரும்பாலும் லண்டனில் கிடையாது, அதிகாரிகளுடையதுதான் அங்கே கிடைக்கும். லண்டன் கோப்பு என்று பணம் கேட்டால் கோப்பு எண்ணை முதலில் கேளுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், தாமதமானால் பணத்தை நிறுத்தி வைப்பது கஷ்டம். நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம்.

சோழர் தளபதி, லாகூர் பதிவேடு, பாஸ்ரா கல் என்று இதே ரிப்போர்ட் வேறு யாருக்காவது வந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பக்க எண்ணும் படமும் ஒன்றாக இருந்தால், எங்கள் புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுப்போம்.