கார் டோர் பேட் மாற்ற வீட்டுக்கு ஆள் வரவழைக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

இன்று காலைதான் எங்கள் தெரு மெக்கானிக் கதவுகளைக் கழற்றிக் காட்டினார். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன பணம் 18,500 ரூபாய்.

எங்களுடையது 2019 ஸ்விஃப்ட். கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேடில் கை படும் இடமெல்லாம் வெளுத்து, கீறல் விழுந்திருந்தது. அப்பாவுக்கு அந்த வண்டி என்றால் உயிர். நான்கு கதவுக்கும் மெத்தென்று ரெக்சின் ஒட்டி, ஓரத்தில் சின்ன லைட்டும் வைத்துக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். கார் அலங்காரக் கடைகள் இருக்கும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டியை விட்டுக் காத்திருக்க எனக்கு லீவு இல்லை. வீட்டுக்கே டெக்னீசியனை அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தேன்.

வந்தவர் வேலையை ஆரம்பித்த விதத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். சீட் மேல் பழைய வேட்டியை விரித்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். டிரைவர் பக்கக் கதவின் ஸ்க்ரூவை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தார். இரும்பால் குத்தி நெம்பாமல், பிளாஸ்டிக் பட்டையை விளிம்பில் நுழைத்து ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்தார். பேடைத் திருப்பி அப்பாவிடம் காட்டி, “பாருங்கய்யா, ஒரு கிளிப் கூட உடையல” என்றார். “தொழில் தெரிஞ்ச பையன்மா” என்று அப்பா என்னிடம் சொன்னார். அப்பா அவ்வளவு சுலபமாக யாரையும் பாராட்டுகிறவர் இல்லை.

அந்தக் கதவை அங்கேயே முடித்தார். மற்ற மூன்று பேடையும் ஒர்க்‌ஷாப்பில் வைத்து ஒட்டினால்தான் சுருக்கம் விழாது, பசை காயவும் நேரம் வேண்டும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. மெட்டீரியல் வாங்க முழுப் பணமும் வேண்டும், தன் நம்பருக்கே ஜிபே செய்யச் சொன்னார். செயலியின் உதவி எண்ணுக்கே போன் போட்டுக் கேட்டேன். “எங்க ஆளுதான் மேடம், தாராளமா அனுப்புங்க, பில் மெயில்ல வரும்” என்றார்கள். 18,500 ரூபாயை அனுப்பினேன். பில் இன்றுவரை வரவில்லை.

மறுநாள் நன்றாக இருட்டிய பிறகு வந்து, போன் வெளிச்சத்தில் அவசர அவசரமாக மாட்டிவிட்டுக் கிளம்பினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரம் தாங்கவில்லை. மேடு பள்ளத்தில் கதவு கடகடவென்று ஆடியது. பின்பக்கக் கண்ணாடி பாதியிலேயே நின்றது. வெயிலில் ஓரமெல்லாம் உரிந்து, வண்டிக்குள் தலைவலிக்கும் அளவுக்குப் பசை வாடை.

போன் செய்தால், “புதுசுல அப்படித்தான் மேடம், செட் ஆயிடும்.” அடுத்த முறை, “வெயில்ல நிறுத்தினீங்களா?” சென்னையில் மே மாதம் காரை வேறு எங்கே நிறுத்துவது? அப்புறம் போனை எடுப்பதே இல்லை. செயலியில் புகார் போட்டால், யாரும் கூப்பிடாமலே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். திரும்பவும் உதவி எண்ணில் பிடித்தபோது, “அவர் பார்ட்னர்தான், எங்க ஸ்டாஃப் இல்லை. நீங்க நேரடியா பணம் குடுத்ததுக்கு நாங்க பொறுப்பில்லை” என்கிறார்கள். அனுப்பச் சொன்னதே இவர்கள்தானே! இப்படிப் பேச எப்படி வாய் வருகிறது?

நேற்று கோடை மழை. காலையில் பார்த்தால் பின்சீட்டுக்குக் கீழே கார்பெட் முழுக்கத் தண்ணீர். மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். எங்கள் கண்முன்னே செய்த டிரைவர் கதவில் எல்லாக் கிளிப்பும் அதனதன் இடத்தில் இருக்கிறது. மற்ற மூன்றிலும் பாதிக் கிளிப்பைக் காணோம்; பேடில் ஓட்டை போட்டுத் தகரத்தோடு ஸ்க்ரூவை முடுக்கி வைத்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் துளை வழியாக வெளியே போய்விடும். அது வண்டிக்குள் வராமல் இருக்கத்தான் பேடுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கிறது. அந்த ஷீட்டைக் கிழித்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பவர் விண்டோ ஒயரைச் சீவி, லைட் ஒயரை வெறும் கையால் முறுக்கி, மேலே டேப் சுற்றியிருக்கிறார்கள். நனைகிற இடத்தில், தனி ஃப்யூஸ் கூட இல்லாமல்! என் அப்பா ஓட்டுகிற வண்டி இது. 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 2020 மின்வணிக விதிகளின்படி இப்படிப்பட்ட தளம் குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது.

என்ன செய்யக்கூடாது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பேடை வெளியே கொண்டுபோக விடாதீர்கள். ஒவ்வொரு கதவையும் மூடுவதற்கு முன் ஷீட்டையும் ஒயரையும் போட்டோ எடுங்கள். ஒயரை வெட்டாமல், செருகி இணைக்கும் கப்ளர் போடச் சொல்லுங்கள். பில் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். இருட்டில் டெலிவரி எடுக்காதீர்கள். இப்படி யாருக்காவது முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, பேடை இன்னும் கொடுக்காமல் காத்திருக்கிறீர்கள் என்றால், இன்றே போன் போட்டு வேலையை நிறுத்துங்கள்.