நாய்க்குட்டி வாங்குமுன் அந்த ஊசி அட்டையை நன்றாகப் பாருங்கள்

வாட்ஸ்அப் குழு ஒன்றில் பார்த்து, 12,000 ரூபாய் கொடுத்து ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினோம். ஏழாம் நாள் செத்துப்போனது. விற்றவர் பெயரை நான் இங்கே போடவில்லை. போட்டாலும் வேறு பெயரில் வேறு குழுவுக்குப் போய்விடுவார்.

"எட்டு வாரக் குட்டி சார், முதல் ஊசி போட்டாச்சு" என்றார். தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்றதற்கு ஃபோனில் வீடியோ காட்டினார். வீட்டுக்குக் கூப்பிடவில்லை, பைபாஸ் ஓரம் ஒரு பேக்கரி வாசலில், அட்டைப்பெட்டியோடு வந்தார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் குட்டி என் மகளின் துப்பட்டாவைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அப்புறம் எங்கே யோசிப்பது?

நான்காம் நாள் சோற்றைத் தொடவில்லை. ராத்திரி முழுக்க வாந்தி, விடியும்போது ரத்தப் பேதி. டாக்டர் பஞ்சுக் குச்சியில் மலத்தை எடுத்து, கொரோனா டெஸ்ட் மாதிரி ஒரு கிட்டில் சொட்டு விட்டார். பத்து நிமிடத்தில் இரண்டு கோடு. பார்வோ, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்.

விற்றவர் கொடுத்த ஊசி அட்டையைக் கேட்டார். உண்மையாக ஊசி போட்டிருந்தால் மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து அதில் ஒட்டியிருப்பார்களாம். பக்கத்தில் டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண். எங்கள் அட்டையில் நீலப் பேனாவில் ஒரு தேதியும் ஒரு கிறுக்கலும்தான். பிறகு குட்டியின் வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பால்பற்கள் அப்போதுதான் ஈறை முட்டிக்கொண்டிருந்தன. "ஐந்து வாரம் இருந்தால் அதிகம்" என்றார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2017லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒழுங்காகப் போட்ட முதல் ஊசியே போதாதாம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும் என்பதால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும்.

இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. டிரிப்ஸ், வாந்திக்கு ஊசி, ஆன்டிபயாடிக் என்று தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வைத்தியம். மூன்று நாள் போராடியது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம்.

விற்றவருக்கு ஃபோன் செய்தேன். "நீங்க என்னத்தைக் கொடுத்தீங்களோ சார்" என்று சொல்லிவிட்டு பிளாக் செய்துவிட்டார். பொதுவாக கிருமி தொற்றி மூன்றிலிருந்து ஏழு நாளில் நோய் தெரியுமாம்; அவரிடமிருந்தே வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அடுத்த வாரம் என் மனைவியின் ஃபோனில் அவருடைய ஸ்டேட்டஸைப் பார்த்தோம். அதே தாய் நாய், அதே வீடியோ, "எட்டு வாரம், ஊசி போட்டது."

தரையை ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினோம். கொல்லை மண்ணை அப்படிக் கழுவ முடியாது. கிருமி அதில் மாதக்கணக்கில் இருக்கும். ஒரு வருடமாவது ஊசி போடாத குட்டி எதுவும் இங்கே வரக் கூடாது என்றார் டாக்டர்.

எங்கள் தெரு நாய் ஒன்று மூன்று குட்டி போட்டிருக்கிறது. தினமும் கொல்லைத் தொட்டியில்தான் தண்ணீர் குடிக்கும். இப்போது கதவைச் சாத்திவிட்டு, வாசலுக்கு வெளியே புதுச் சட்டி வைத்திருக்கிறேன். அது இன்னும் கொல்லைக் கதவைத்தான் பிறாண்டுகிறது.